ஒரு கப் தண்ணீருக்குப் பதில்

அமெரிக்காவுக்கு வேலைக்குப் போகிற கல்யாணமாகாத தமிழ் இளைஞன் அங்கே தானாகவே கற்றுக்கொள்கிற சமையல் மொத்தம் மூன்று. ஒன்று, சாதம். இரண்டு, எந்தக் காயைப் போட்டாலும் ஒரே மாதிரி இருக்கும் சாம்பார். மூன்று, பெட்டிக் கேக்.

மூன்றாவது எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். சூப்பர் மார்க்கெட்டில் மைதாவும் சர்க்கரையும் இருக்கிற வரிசையில் செங்கல் சுவர் மாதிரி அடுக்கி வைத்திருப்பார்கள். மஞ்சள் கேக், வெள்ளைக் கேக், சாக்லேட் கேக், ஸ்ட்ராபெர்ரி கேக். அட்டையின் மேல் ஒரு துண்டு கேக்கின் படம், இப்போதுதான் குளித்துவிட்டு வந்த மாதிரி ஈரமாக. நான் அங்கே இருந்த காலத்தில் விலை ஒரு டாலர் சொச்சம். தள்ளுபடி வாரத்தில் அதற்கும் கீழே. பெட்டியின் முதுகில் மூன்றே ஐட்டம்: தண்ணீர் ஒரு கப், எண்ணெய் அரை கப், முட்டை மூன்று. கலக்கு, ஊற்று, அடுப்பில் வை. இஞ்சினீயரிங் படித்தவன் இதைப் பார்த்ததும், ‘அட, இவ்வளவுதானா!’ என்று தூக்கிக்கொண்டு வந்துவிடுவான்.

செய்வான். கேக்கும் வரும். சாப்பிடவும் செய்யலாம். ஆனால் அட்டைப் படத்தில் இருந்த அந்த ஈரம் மட்டும் வராது. முதல் துண்டு சுமார். இரண்டாவது துண்டு தொண்டையில் நின்று தண்ணீர் கேட்கும். மறுநாள் காலையில் டீயில் தோய்த்தால் ரஸ்க்.

அந்த ஈரம் எங்கே போயிற்று, அதை எப்படித் திரும்ப வாங்குவது? இந்த வாரம் அதுதான் விஷயம். ‘ஆபீஸ் போற ஆம்பளைக்கு இது எதுக்கு சார்?’ என்று பக்கத்தைத் திருப்பப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். இதைக் கற்றுக்கொண்டவர்களெல்லாம் ஆபீஸ் போகிற ஆம்பளைகள்தான்.

*

நியூஜெர்ஸியில் நான் வேலை பார்த்த ஆபீஸில், அக்கவுண்ட்ஸ் பிரிவில் ஒரு அம்மாள் இருந்தார். ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் பாக்கி. யாருக்குப் பிறந்த நாள் என்றாலும் கேக் அவர் வீட்டிலிருந்துதான் வரும். கத்தியை வைத்தால் வெண்ணெய் மாதிரி இறங்கும். மூன்றாம் நாள் ஆபீஸ் ஃப்ரிட்ஜ் மேலே மிச்சம் இருக்கிற துண்டைத் தின்றாலும் அதே மென்மை. ‘பாட்டி காலத்துக் கைப்பக்குவம்’ என்று அமெரிக்கர்களே கண் கலங்குவார்கள்.

ஒருநாள் செய்முறை கேட்டேன். அம்மாள் சுற்றும் முற்றும் பார்த்தார். நம் ஊரில் இன்கிரிமெண்ட் எவ்வளவு என்று சொல்வதற்கு முன் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

“பெட்டிதான்” என்றார். “ஆனால் முதுகில் எழுதியிருப்பதை அப்படியே செய்வதில்லை. காலிப் பெட்டியை வீட்டுக் குப்பையில் போடுவதும் இல்லை.”

அப்புறம் அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்கு முதல். “தண்ணீர் ஊற்று என்று ஏன் எழுதியிருக்கிறார்கள்? எல்லோர் வீட்டிலும் குழாய் இருக்கிறது, அதனால். குழாயைத் திறக்கத் தெரிந்தால் கேக் செய்யலாம் என்று சொன்னால்தானே பெட்டி விற்கும்? கேக்குக்குத் தண்ணீர்தான் உசத்தி என்று யாரும் சொல்லவில்லை. பெட்டி உன் கையில் மூன்று விஷயத்தை விட்டிருக்கிறது. ஊற்றுவது, கொழுப்பு, முட்டை. அந்த மூன்றில் கை வை. மாவில் கை வைக்காதே. மாவு விஷயம் என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.”

இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்கு எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. காலேஜையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

*

மூன்று விஷயத்தை வீட்டுக்காரர் கையில் விட்டதற்கே ஒரு சரித்திரம் இருக்கிறது.

பிட்ஸ்பர்க் நகரத்தில் பி. டஃப் அண்ட் சன்ஸ் என்று ஒரு கம்பெனி. மொலாசஸ் வியாபாரம். மொலாசஸ் என்பது கரும்புச் சாற்றிலிருந்து சர்க்கரையைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சுகிற கறுப்புப் பாகு. அந்தப் பாகை உலர்த்தி, மாவு, கொழுப்பு, இஞ்சிப் பொடி, முட்டைப் பொடி எல்லாம் கலந்து, ‘தண்ணீர் மட்டும் ஊற்றினால் போதும்’ என்று ஒரு கலவை செய்தார்கள். 1933-ல் அதற்குப் பேட்டண்ட் கிடைத்தது. 1935-ல் இன்னொரு பேட்டண்ட். இந்தத் தடவை முட்டைப் பொடியை எடுத்துவிட்டார்கள். புது முட்டையை வீட்டிலேயே உடைத்து ஊற்றிக்கொள்ளட்டும், பெண்களுக்கு அதுதான் பிடிக்கிறது என்றார்கள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பெரிய மாவு மில்கள் களத்தில் இறங்கின. ஜெனரல் மில்ஸ் 1947-ல், ‘பெட்டி க்ராக்கர்’ என்ற பெயரில். பில்ஸ்பரி 1948-ல். (பெட்டியில் வருவதால்தான் பெட்டி க்ராக்கர் என்று என் அறை நண்பன் ஒருவன் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தான். இல்லை. பெட்டி என்பது பெண் பெயர். ஆனால் அப்படி ஒரு பெண்மணியும் கிடையாது. வீட்டுப் பெண்கள் எழுதிக் கேட்கிற சமையல் சந்தேகங்களுக்குப் பதில் போட, கையெழுத்துக்காக 1921-ல் கம்பெனி கற்பனை செய்த பெயர்.)

இங்கே ஒரு பிரசித்தி பெற்ற கதை குறுக்கிடுகிறது. எம்.பி.ஏ. படித்தவர்கள் வகுப்பில் கேட்டிருப்பார்கள். 1950-களில் பெட்டிக் கேக் விற்பனை மந்தமாம். வியன்னாவிலிருந்து வந்த எர்னஸ்ட் டிக்டர் என்ற மனோதத்துவ நிபுணரைக் கேட்டார்களாம். ‘வெறும் தண்ணீர் ஊற்றிக் கேக் செய்தால் பெண்களுக்குக் குற்ற உணர்ச்சி வருகிறது. ஒரு முட்டையாவது உடைக்க விடுங்கள்’ என்றாராம். முட்டைப் பொடியை எடுத்தார்களாம். விற்பனை பிய்த்துக்கொண்டு போயிற்றாம்.

அருமையான கதை. ஒரே சிக்கல், டிக்டர் அமெரிக்காவுக்கு வந்தது 1938-ல். புது முட்டை பேட்டண்ட் வந்ததோ 1935-ல். நிபுணர் கப்பல் ஏறுவதற்கு முன்பே முட்டை வெளியே வந்தாயிற்று. தவிர, குற்ற உணர்ச்சி கிடக்கட்டும், முட்டைப் பொடி போட்ட கேக்கைவிடப் புது முட்டை கேக் நன்றாகவே இருக்கும். அம்மாள் சொன்னதும் அதேதான். நாம் கையால் சேர்க்கிற பொருள் நம் மனத் திருப்திக்காக மட்டும் இல்லை. அது கேக்கையே மாற்றுகிறது.

*

எப்படி மாற்றுகிறது? அதற்கு முதலில் கேக் ஏன் காய்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு விதமாகக் காய்கிறது.

முதல் விதம் சுலபம். தண்ணீர் நிஜமாகவே ஆவியாகிப் போய்விடுகிறது. அடுப்பில் அஞ்சு நிமிஷம் கூட இருந்தால் போதும். அமெரிக்காவில் குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். காற்று எலும்பு மாதிரி வறண்டிருக்கும். உதடே வெடிக்கிற இடத்தில் கேக்கை மூடாமல் வைத்தால் என்ன ஆகும்?

இரண்டாவது விதம்தான் வேடிக்கை. தண்ணீர் உள்ளேயேதான் இருக்கிறது, இருந்தாலும் கேக் காய்ந்த மாதிரி இருக்கிறது. புரியவில்லையா? ராத்திரி மிஞ்சின இட்லியை ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் எடுத்துப் பாருங்கள். கல். அதையே ஆவியில் வைத்தால் மறுபடி பூ. தண்ணீர் எங்கேயும் போகவில்லை. வெந்தபோது தண்ணீரைக் குடித்து உப்பிய ஸ்டார்ச், ஆற ஆற மறுபடி வரிசை கட்டி இறுகிக்கொள்கிறது. பழைய சோறும் இப்படித்தான். கேக்கும் மாவுப் பண்டம்தானே, அதற்கும் இதே விதி. ஃப்ரிட்ஜின் குளிரில் இந்த இறுக்கம் இன்னும் வேகமாக நடக்கிறது. எனவே ‘ஈரமா இருக்கட்டும்’ என்று கேக்கை ஃப்ரிட்ஜில் வைக்கிற புண்ணியவான்களே, அதைவிட வெளியே ஒரு டப்பாவில் மூடி வைப்பது மேல். ரொம்ப நாள் வைக்க வேண்டுமானால் ஃப்ரீஸரில் வையுங்கள். உறைந்துவிட்டால் இந்த வேலை ஏறக்குறைய நின்றுவிடுகிறது.

காரணம் தெரிந்தாயிற்று. இனி அம்மாளின் மூன்று விஷயத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். (கப் என்பது இங்கே 240 மில்லி. டீக்கடை கிளாஸ் கணக்கில் வராது.)

ஊற்றுவது. தண்ணீருக்குப் பதில் பால் என்பதுதான் எல்லோரும் சொல்கிற முதல் யோசனை. பால் ஊற்றினால் ருசி கூடும், மேலே நல்ல நிறம் வரும். ஈரம் பெரிதாகக் கூடாது. ஈரம் வேண்டுமானால் கெட்டித் தயிர், அல்லது அவர்கள் ஊரில் சவர் க்ரீம் என்று விற்கிற புளித்த க்ரீம். அதில் அரை கப் சேர்த்து, தண்ணீரில் கால் கப் குறையுங்கள். கொழுப்பும் புளிப்பும் சேர்ந்து கேக்கை மிருதுவாக்கும். சாக்லேட் கேக் என்றால் தண்ணீருக்குப் பதில் ஆறின டிகாக்‌ஷன். பயப்படாதீர்கள், காபி வாசனை தூக்காது. சாக்லேட்தான் இன்னும் சாக்லேட்டாகத் தெரியும்.

கொழுப்பு. ‘எண்ணெய் எதுக்குய்யா, வெண்ணெய் போடு’ என்பார்கள். வெண்ணெயில் வாசனை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் ஐந்தில் நாலு பங்குதான் கொழுப்பு. மீதியில் பெரும்பகுதி தண்ணீர். தவிர, ஆறினதும் வெண்ணெய் உறையும், கேக்கும் கூடவே இறுகும். எண்ணெய் ஆறினாலும் எண்ணெய்தான். நாக்குக்கு அது ஈரமாகவே படும். ஈரம்தான் குறி என்றால் எண்ணெயை மாற்றாதீர்கள். வாசனைக்கு வேண்டுமானால் ரெண்டு ஸ்பூன் உருக்கின வெண்ணெய்.

முட்டை. மூன்று முட்டையோடு ஒரு மஞ்சள் கருவைக் கூடச் சேர்க்கலாம். மஞ்சளில் கொழுப்பும் லெசித்தினும் இருக்கின்றன. எண்ணெயையும் தண்ணீரையும் சண்டையில்லாமல் சேர்த்து வைக்கிற புரோக்கர்தான் லெசித்தின். வெள்ளைக் கருவைக் கூட்டாதீர்கள். அது கட்டமைப்புக்கு நல்லது, ஈரத்துக்கு எதிரி. சிலர் முட்டையும் எண்ணெயும் சேர்ந்த மயோனைஸ் கால் கப் போடுவார்கள். கேட்கும்போது குமட்டும். சாப்பிடும்போது யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

இந்த மூன்றுக்கும் வெளியே ஒரு நாலாவது வழி உண்டு. இன்ஸ்டன்ட் புட்டிங் பொடி, சின்னப் பாக்கெட், சுமார் 96 கிராம். அதில் இருப்பது ஏற்கெனவே வேகவைத்து உலர்த்தின ஸ்டார்ச். பச்சைத் தண்ணீரிலேயே உப்பிக்கொண்டு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அடுப்பில் காய்ச்சுகிற புட்டிங் பொடி இதற்கு ஆகாது. இன்னொன்று, சில பெட்டிகளில் ‘புட்டிங் உள்ளேயே இருக்கிறது’ என்று போட்டிருக்கும். அதில் இன்னொரு பாக்கெட் கொட்டினால் களிதான்.

கடைசி வைத்தியம் நமக்குத் தெரிந்ததுதான். பாகு. அரை கப் சர்க்கரை, அரை கப் தண்ணீர், ஒரு கொதி. கேக் வெதுவெதுப்பாக இருக்கும்போது முள் கரண்டியால் அங்கங்கே குத்தி, பாகைத் தடவ வேண்டும். குலாப் ஜாமூன் ஊறுவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை.

*

இதையெல்லாம் படித்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே கேக்கில் போட்டால்?

போட்டான். எங்கள் அறையில் ஒரு மதுரைக்காரன். ‘ஒண்ணொண்ணும் ஈரம்னா, எல்லாம் சேர்ந்தா எவ்வளவு ஈரம்!’ என்று கணக்குப் போட்டான். புட்டிங், சவர் க்ரீம், மயோனைஸ், கூட ரெண்டு மஞ்சள் கரு, எண்ணெய் ஒரு கப். அடுப்புக்குள் கேக் கோபுரம் மாதிரி எழும்பியது. மூன்று பேரும் கண்ணாடி வழியாகப் பார்த்துக் கை தட்டினோம். வெளியே எடுத்தோம். அஞ்சு நிமிஷத்தில் நடுவில் கிணறு. கேக்கைத் தாங்குகிற தூண்கள் மாவும் முட்டையும். கொழுப்பு, சர்க்கரை, திரவம் எல்லாம் தூண் இல்லை, பாரம். நாலு தூணில் பத்து மாடி கட்டினால் நிற்குமா?

“கிணத்துல ஐஸ்க்ரீமை ஊத்திருவோம்ணே” என்றான் மதுரை. ஊற்றினோம். ஸ்பூனால் தின்றோம். அது வேறு விஷயம்.

பெட்டியோடு ஏதாவது இரண்டு சேர்க்கலாம். மூன்றாவது சேர்க்கத் தோன்றும்போது கையைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

*

அந்த அறையில் நாங்கள் நாலு பேர். நாலாவது ஆள் கும்பகோணத்து அண்ணா. எங்களைவிட ஆறு வயசு மூத்தவர். சுத்த சைவம், முட்டை கூடாது. அறையில் தயிர் அவர் டிபார்ட்மெண்ட். ஜனவரிக் குளிரில்கூட ஹீட்டர் பக்கத்தில் பாத்திரத்தைத் துண்டு போட்டுச் சுற்றி வைத்து உறை ஊற்றிவிடுவார்.

அவர் ஆபீஸிலும் பிறந்த நாள் கேக்குகளுக்குப் பஞ்சமில்லை. மூன்று வருஷமாகப் பேப்பர் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, ஓரமாகச் சிரித்தபடி நின்றிருக்கிறார். முட்டை சாப்பிடமாட்டேன் என்று ஒவ்வொரு தடவையும் விளக்கக் கூச்சம். ‘இன்றைக்கு வயிறு சரியில்லை’ என்று சொல்லிவிடுவாராம். அவருக்கு ஏதோ தீராத வயிற்று வியாதி என்றே மேனேஜர் நம்பிவிட்டார்.

2001 வந்தது. டாட்காம் கம்பெனிகள் சீட்டுக்கட்டு மாதிரி சரிந்தன. அண்ணாவின் புராஜெக்ட் முடிந்தது. எச்-1பி விசாவில் வேலை போனால் 60 நாள் வரை தங்கி வேறு வேலை தேடலாம் என்கிற அவகாசம் 2017-ல்தான் வந்தது. அன்றைக்கு அப்படி எதுவும் கிடையாது. அவரை அழைத்து வந்த கம்பெனி ‘பெஞ்சில் இருங்கள்’ என்றது, சம்பளத்தை நிறுத்தியது, பிறகு போனை எடுப்பதையும் நிறுத்தியது. மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட் போட்டார். ஊரில் வீட்டுக்கடன். தங்கைக்கு நிச்சயம் ஆகியிருந்தது. எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மதுரைக்காரனும் நானும் கடைக்குப் போனோம். ஓட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போகிற நிலைமையில் நாங்களும் இல்லை. எங்கள் வேலையும் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. கேக் பெட்டி 99 செண்ட்.

மதுரைக்காரன் ஒவ்வொரு பெட்டியாக எடுத்து, பக்கவாட்டில் எறும்பு எழுத்தில் இருந்த மூலப்பொருள் பட்டியலைப் படித்தான். முட்டைப் பொடி இருக்கிறதா? ஷார்ட்டனிங் என்றால் தாவரக் கொழுப்பா, மாட்டுக் கொழுப்பா? அரை மணி நேரம். தன் ஆஃபர் லெட்டரைக்கூட அவன் அப்படிப் படித்ததில்லை. கடைசியில் தாவர எண்ணெய் என்று தெளிவாகப் போட்டிருந்த ஒரு மஞ்சள் கேக் பெட்டி கிடைத்தது.

முட்டைக்கு என்ன செய்வது? ஒரு முட்டைக்குக் கால் கப் தயிர் என்று கணக்கு. மூன்று முட்டைக்கு முக்கால் கப். தயிரில் தண்ணீர் அதிகம் என்பதால், ஊற்றுகிற தண்ணீரில் கால் கப் குறைத்தோம். எண்ணெய் அதே அரை கப். மற்றபடி ஒன்றும் சேர்க்கவில்லை. தயிர், அண்ணா ராத்திரி உறை ஊற்றின தயிர்.

கேக் கொஞ்சம் தாழ்வாகத்தான் வந்தது. முட்டையில்லாத கேக் அவ்வளவு உயரம் எழும்பாது. ஆனால் நடு விழவில்லை. மேலே எலுமிச்சை பிழிந்த பாகு தடவினோம். பேப்பர் தட்டில் ஒரு துண்டு வைத்து அவர் கையில் கொடுத்தோம்.

வழக்கம்போலத் தட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“முட்டை இல்லண்ணே. சாப்பிடுங்க” என்றான் மதுரை.

ஒரு வாய் சாப்பிட்டார். மென்றார். “லேசாப் புளிப்பு தெரியறதேப்பா... என் தயிரா?” என்றார்.

அப்புறம் மூன்று துண்டு சாப்பிட்டார். மிச்சத்தை அலுமினியத் தாளில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். நாலு நாள் கழித்து ஊரிலிருந்து போன். தங்கை நிச்சயம், வீட்டுக்கடன் எதையும் பேசவில்லை. “ஃபிராங்க்ஃபர்ட்ல எட்டு மணி நேரம் உக்காந்திருந்தேன் தம்பி. அங்க ஒரு காப்பி விலையைப் பாத்துட்டு வாங்கலை. நீங்க குடுத்ததைப் பிரிச்சேன். அப்பவும் ஈரமாவே இருந்தது” என்றார். கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் யாரும் பேசவில்லை. காலிங் கார்டில் காசு ஓடிக்கொண்டிருந்தது.

ஆறு மாதத்தில் சென்னையில் வேலை கிடைத்துவிட்டது அவருக்கு. அதைவிட நல்ல வேலை.

*

இப்போது செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை.

நாஷ்வில் நகரத்து ஆன் பைர்ன் என்ற அம்மையார் 1999-ல் ‘தி கேக் மிக்ஸ் டாக்டர்’ என்று ஒரு புத்தகம் போட்டார். பாரிஸ் போய்ச் சமையல் படித்தவர், பெட்டிக் கேக்குக்கு வைத்தியம் எழுதினார். சக்கைப்போடு போட்டது. எங்கள் அக்கவுண்ட்ஸ் அம்மாள் மாதிரி ஒளித்து வைத்திருந்தவர்களுக்கெல்லாம் அது விடுதலைப் பத்திரம்.

ஆனால் அந்தக் காலப் பெட்டியில் 18.25 அவுன்ஸ், அதாவது சுமார் 517 கிராம் மாவு இருக்கும். பிறகு அது 15.25 அவுன்ஸ் ஆயிற்று, 432 கிராம். இப்போது சில பெட்டிகளில் 13.25 அவுன்ஸ்தான், 375 கிராம். பெட்டி அதே மாதிரிதான் இருக்கிறது. உள்ளேதான் ஆள் இளைத்துவிட்டான். 517 கிராமுக்கு எழுதின பழைய குறிப்பை 375 கிராமில் செய்தால் மதுரைக்காரன் கிணறுதான். எடையைப் பார்த்து, சேர்ப்பதையும் அந்த விகிதத்தில் குறைக்க வேண்டும்.

நம் ஊர்க் கடைகளிலும் கேக் மிக்ஸ் வந்து ரொம்ப நாளாயிற்று. முட்டையே கேட்காத பெட்டிகள், குக்கரிலேயே செய்யலாம் என்கிற பெட்டிகள் எல்லாம் உண்டு. பெட்டிக்குப் பெட்டி அளவு வேறு என்பதால் ஒரே சூத்திரம்: ஊற்றச் சொல்கிற தண்ணீரில் கால் பங்கை எடுத்துவிட்டு, அதே அளவு கெட்டித் தயிர். எண்ணெயில் கை வைக்க வேண்டாம். கலவை இட்லி மாவு பதம். கட்டி போகிற வரை கலக்கினால் போதும், ஆபீஸ் கோபத்தையெல்லாம் அதில் காட்டினால் கேக் ரப்பராகும்.

பிறகு ‘அவனை’ முதலிலேயே சூடாக்க வேண்டும். (சண்டை மூட்டிவிடவில்லை. கேக் அடுப்பைச் சொல்கிறேன்.) 350 டிகிரி ஃபாரன்ஹீட், நம் கணக்கில் சுமார் 175. கறுப்புத் தட்டு என்றால் சூட்டை அதிகம் இழுக்கும், கொஞ்சம் குறைத்து வையுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் கடிகாரம். பெட்டியில் 30 நிமிஷம் என்று போட்டிருந்தால் 25-ல் திறந்து, நடுவில் ஒரு பல்குச்சியைக் குத்துங்கள். ஈர மாவு ஒட்டினால் இன்னும் வேக வேண்டும். ரெண்டு மூன்று துணுக்கு ஒட்டினால் உடனே எடுத்துவிடுங்கள். குச்சி பளபளவென்று சுத்தமாக வருகிற வரை காத்திருந்தால், பல சமயம் ஈரம் அதற்கு முன்பே கிளம்பிப் போயிருக்கும். வெளியே எடுத்த பிறகும் உள்சூட்டில் கொஞ்சம் வேகும். தட்டிலேயே பத்து நிமிஷம், பிறகு கவிழ்த்து ஆற வைத்து, முழுக்க ஆறினதும் மூடி வைக்க வேண்டும். தயிர், க்ரீம், முட்டை என்று எதைச் சேர்த்தாலும், இந்த அஞ்சு நிமிஷத்தைக் கோட்டை விட்டால் எல்லாம் வீண்.

ஞாயிற்றுக்கிழமை செய்யுங்கள், திங்கட்கிழமை ஆபீஸுக்கு எடுத்துக்கொண்டு போங்கள். செய்தது நீங்கள்தான் என்று முதலில் யாரும் நம்பமாட்டார்கள். பரவாயில்லை. எல்லோரும் மொய்க்கும்போது, பேப்பர் தட்டோடு ஓரமாகச் சிரித்துக்கொண்டு ஒருவர் நிற்கிறாரா என்று மட்டும் பாருங்கள். எந்த ஆபீஸிலும் ஒருவர் இருப்பார்.

அவரிடம் வயிறு சரியில்லையா என்று விசாரிக்காதீர்கள். அடுத்த வாரம் வீட்டிலிருந்து ஒரு கப் தயிர் கொண்டுவர முடியுமா என்று கேளுங்கள்.